சக்கரம் பூட்டிய தேவாலயங்கள்

1955 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரி. விடிந்தும் விடியாத ஆறு மணிக்கு, பேருந்து போகும் தெருவைப் பார்த்த முன்னறைச் சன்னலோரம் நின்றிருந்தார் கொரெட்டா கிங். அவருடைய கணவர், 26 வயதுப் போதகர், அடுக்களையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளையர் வீடுகளுக்குச் சமைக்கவும் துலக்கவும் போகும் கறுப்பினப் பெண்களால் பிதுங்கி வழியும் தடம் அது. அன்று வந்த முதல் வண்டியில் ஒரு பயணிகூட இல்லை. கொரெட்டா கணவரைக் கூவி அழைத்தார். அடுத்த வண்டியும் காலி. மூன்றாவதில் இரண்டே பேர், இருவரும் வெள்ளையர்.

அந்நகரில் அப்போது கறுப்பினத்தவர் சுமார் 50,000 பேர். பேருந்துப் பயணிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அவர்கள்தான். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது வியாழன் மாலை. திங்கள் காலையில் வண்டிகள் வெறிச்சோடின. நடுவே கிடைத்தது மூன்று நாள். கைபேசி கிடையாது, பல வீடுகளில் தொலைபேசியே கிடையாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்ய, அதாவது செய்யாமல் இருக்க, எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

இயக்கத்தின் மையம் தேவாலயங்கள் என்பதால், கடவுள் நம்பிக்கை என்று சொல்லிவிடலாம். அது விளக்கமாகாது. அதே ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இதே காரணத்துக்காகக் கைதானார். அப்போதும் அந்த ஊரில் நம்பிக்கைக்குக் குறைவில்லை, தேவாலயங்களுக்கும் குறைவில்லை. பேருந்துகள் நிரம்பியே ஓடின. ஆகவே ஆராய வேண்டியது தேவாலயம் என்ற அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான். சமூகவியலாளரும் உளவியலாளரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பழைய கேள்விதான் அது. பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965இல் அதற்குக் கறாரான வடிவம் கொடுத்தார். போராட்டம் வென்றால் பலன் எல்லோருக்கும். கலந்துகொள்ளாதவனும் அதே இருக்கையில்தான் உட்காரப் போகிறான். செலவோ இறங்கியவனுக்கு மட்டும்: வேலை போகலாம், வீடு எரியலாம். கணக்குப் போட்டுப் பார்க்கிற எவனும் அடுத்தவன் போகட்டும் என்றுதான் காத்திருப்பான். எல்லோரும் அப்படியே காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978இல் இதில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். ஒரு சதுக்கத்தில் 100 பேர் நிற்கிறார்கள். முதலாமவனுக்கு யார் துணையும் தேவையில்லை. இரண்டாமவன் ஒருவர் இறங்கினால் இறங்குவான், மூன்றாமவன் இருவர் இறங்கினால். இப்படியே கடைசி ஆள் 99 பேரைப் பார்த்த பிறகு இறங்குவான். இந்தக் கூட்டம் முழுக்கக் களத்தில் இறங்கிவிடும். இப்போது ஒரே ஒரு மாற்றம்: ஒருவர் போதும் என்றிருந்தவனை எடுத்துவிட்டு, இருவர் வேண்டும் என்பவனை வைக்கிறோம். முதலாமவன் இறங்குகிறான், வேறு யாரும் அசையவில்லை. வெளியே நின்று பார்ப்பவர் முதல் கூட்டத்தை வீரர்கள் என்றும் இரண்டாவதைக் கோழைகள் என்றும் எழுதிவிட்டுப் போவார். வித்தியாசமோ ஒரே ஓர் ஆள். ஒரு சமூகத்தின் அமைதியை அதன் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. மற்றவர் என்ன செய்கிறார் என்பது கண்ணில் பட வேண்டும். திங்கள் அதிகாலை இருட்டில், அவரவர் வீட்டு வாசலில் நிற்கும் சமையல்காரப் பெண்ணுக்கு அடுத்த தெருக்காரி என்ன முடிவெடுத்தாள் என்று எப்படித் தெரியும்?

துண்டறிக்கை வந்தது என்னவோ உண்மை. கறுப்பினத்தவருக்கான அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் வியாழன் இரவு தூங்கவில்லை. ஊரின் மகளிர் அரசியல் மன்றத்துக்கு அவர் தலைவி. பேருந்துப் புறக்கணிப்பு நடக்கலாம் என்று 1954லேயே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தவர். சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் பிரதிகள் உருட்டினார். வெள்ளிக்கிழமை அவை பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் வழியாக ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன.

ஒருவர் கையில் துண்டறிக்கை கிடைத்தால் அவருக்குச் செய்தி தெரியும். அடுத்தவருக்கும் தெரியுமா, தெரிந்தாலும் அவர் மதிப்பாரா என்பது அதில் அச்சாகியிருக்காது. மைக்கேல் சுவே என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட நூல் இந்த நுட்பத்தைத்தான் பேசுகிறது. எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒரு வகை. எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருப்பது இன்னொரு வகை. கூடிச் செய்யும் காரியத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். உலகெங்கும் மனிதர்கள் சடங்குகளை ஒன்றாகக் கூடி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி செய்வதற்கு இதுவே ஒரு காரணம் என்கிறார் சுவே.

ஞாயிறு காலை கறுப்பினத்தவரின் ஆலயங்களில் போதகர்கள் பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தபோது இந்த இரண்டாவது வகை உருவானது. அந்தச் சபைகளின் ஆராதனையில் போதகர் மட்டும் பேசுவதில்லை. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். சபை பதில் குரல் கொடுக்கும். ஆமென் என்று ஒரு மூலை, ஆமாம் ஐயா என்று மறுமூலை. குரலின் கனத்திலேயே சபையின் மனம் தெரிந்துவிடும். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த தெருக்காரி எவ்வளவு உரக்க ஆமென் சொன்னாள் என்பது காதில் விழுகிறது. இதைவிடச் சிறந்த கருத்துக்கணிப்பு எது?

இதோடு வெள்ளையரின் நாளிதழும் தன்னை அறியாமல் உதவியது. மான்ட்கோமரி அட்வர்டைசர் அதே ஞாயிறன்று புறக்கணிப்புச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டது. துண்டறிக்கை கிடைக்காதவர்களுக்கும் விஷயம் போய்விட்டது. காவல்துறை தன் பங்குக்கு, பயணிகளைக் ‘காப்பாற்ற’ மோட்டார் சைக்கிள் போலீசாரைப் பேருந்துகளின் பின்னால் அனுப்பியது. அவர்களைப் பார்த்துப் பயந்து, ஏற நினைத்த சிலரும் ஏறாமல் நடந்தார்கள்.

ஒரு நாள் புறக்கணிப்புதான் முதலில் திட்டம். திங்கள் மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் கூடித் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதாகப் பேச்சு. ஆலயம் நிரம்பி, தெரு நிரம்பி, வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். புதிதாகத் தொடங்கிய மான்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கத்துக்கு அன்று பிற்பகல்தான் மார்ட்டின் லூதர் கிங் தலைவராகியிருந்தார். உரைக்குத் தயாராக அவருக்குக் கிடைத்தது அரை மணிக்கும் குறைவு. போதகர் ரால்ஃப் அபர்நாத்தி, புறக்கணிப்பைத் தொடரும் தீர்மானத்தை வாசித்தார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் சபையே எழுந்தது. அப்போது அவர்கள் வைத்த கோரிக்கைகள் இன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காரலாம். கறுப்பினத்தவர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். இனப்பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்றுகூட முதலில் கேட்கவில்லை. நகர நிர்வாகம் இதையும் மறுத்தது.

அன்று பிற்பகல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கத்தைத் தொடங்கக் கூடிய போதகர்களில் சிலர், தங்கள் பெயர் வெளியே வராதபடி திட்டத்தை இரகசியமாக வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். இ. டி. நிக்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. ரயிலில் பணியாளராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். பார்க்ஸைப் பிணையில் எடுத்தவர்களில் ஒருவர். துணி வெளுக்கிற இந்தப் பெண்கள் போடும் காசில் இத்தனை காலம் பிழைத்தீர்களே, அவர்களுக்காக என்ன செய்தீர்கள் என்ற பொருளில் அவர் போட்ட போட்டில் கூட்டம் அடங்கியது.

நிக்சன் சொன்னது வசவு மட்டுமல்ல. அந்த அமைப்பின் அச்சாணியே அதில் இருக்கிறது. ஊரில் கறுப்பின ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர் ஆளும் அரசு. சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுப்பது வெள்ளை எசமானர். போதகருக்குச் சம்பளம் கொடுப்பது அவருடைய சபை. அவரை வேலையை விட்டு நீக்க வெள்ளையர் எவராலும் முடியாது. ரோசா பார்க்ஸுக்கு ஒரே மாதத்தில் பல்பொருள் அங்காடித் தையல் வேலை போயிற்று. அரசுக் கல்லூரிச் சம்பளக்காரரான ராபின்சன் தன் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். ஆனால் அவருடைய வேலையில் கைவைக்க முடியவில்லை. சமூகவியலாளர் ஆல்டன் மோரிஸ் 1984இல் எழுதிய நூல் இந்தப் பொருளாதாரச் சுதந்திரத்தைத்தான் இயக்கத்தின் அடித்தளமாகக் காட்டுகிறது. கறுப்பினத்தவர் தாமே கட்டி, தாமே நடத்தி, தாமே கணக்குப் பார்த்த பெரிய நிறுவனம் அன்றைய தெற்கில் ஏறத்தாழ இது ஒன்றுதான்.

அந்தச் சுதந்திரம் இனாமாகக் கிடைத்ததல்ல. பிலடெல்பியாவில் வெள்ளையரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஜெபத்தில் முழங்காலிட்டிருந்த கறுப்பினத்தவரைப் பிடித்து எழுப்ப முயன்றபோது, ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தம்மவரோடு வெளியேறினார்கள். ஆலன் 1794இல் தொடங்கிய பெத்தேல் ஆலயத்திலிருந்துதான் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை கிளைத்தது. அடிமை உரிமையாளர்களும் இதன் ஆபத்தை அறிந்தே இருந்தார்கள். 1822இல் டென்மார்க் வெசி திட்டமிட்ட கலகம் அம்பலமானதும் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினத்தவரின் ஆலயத்தை இடித்துத் தள்ளினார்கள். 1831இல் நாட் டர்னரின் கலகத்துக்குப் பிறகு வெர்ஜீனியாவில் கறுப்பினத்தவர் பிரசங்கம் செய்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

சரி, பேருந்து வேண்டாம் என்றாயிற்று. வேலைக்கு எப்படிப் போவது? மழை வரும், குளிர் வரும், வயதானவர்களுக்குக் கால் வலிக்கும். கறுப்பினத்தவரின் டாக்சிகள் முதலில் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றின. டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காவல் ஆணையர் தூசி தட்டி எடுத்தார். கிங் உடனே லூயிசியானாவின் பேடன் ரூஜ் நகரப் போதகர் டி. ஜே. ஜெமிசனுக்குத் தொலைபேசினார். 1953இல் அங்கே இதேபோல் சில நாள் புறக்கணிப்பு நடந்திருந்தது. சொந்தக் கார்களை வைத்து மாற்றுப் போக்குவரத்து நடத்திய அனுபவம் ஜெமிசனுக்கு இருந்தது. அவர் சொன்ன பாடத்தில், இரண்டு வாரத்துக்குள் சுமார் 300 கார்கள், நாற்பதுக்கு மேற்பட்ட நிறுத்தங்களோடு ஒரு நகரப் போக்குவரத்தே எழுந்துவிட்டது. ஆலய வாசல்களே பல இடங்களில் நிறுத்தங்கள்.

நன்கொடை சேர்ந்ததும் பெரிய ஸ்டேஷன் வேகன் வண்டிகள் வாங்கினார்கள். யார் பெயரில் பதிவது? தனியாள் பெயரில் பதிந்தால் அவரை மிரட்டலாம், வழக்குப் போடலாம். சபைகளின் பெயரில் பதிந்தார்கள். வண்டியின் பக்கவாட்டில் சபையின் பெயரையும் எழுதினார்கள். உருளும் தேவாலயங்கள் என்று ஊர் அவற்றை அழைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பீட்டை ரத்து செய்தன. கடைசியில் லண்டனின் லாயிட்ஸ் நிறுவனத்தில் காப்பீடு கிடைத்தது. அலபாமாவில் ஒரு சபையின் வண்டி ஓட, கடல் தாண்டிக் காகிதம் வர வேண்டியிருந்தது.

பெட்ரோல் செலவுக்குப் பணம்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். ஜார்ஜியா கில்மோர் ஓர் உணவகச் சமையல்காரர். இயக்கத்துக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதால் வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்றார். அவரும் அவருடைய தோழிகளும் கேக்கும் ‘பை’ பண்டமும் சுட்டு, கறுப்பர், வெள்ளையர் என்று பாராமல் எல்லோருக்கும் விற்றார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டாலும் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதே பதில். ‘எங்கிருந்தும் இல்லாத சங்கம்’ என்றே குழுவுக்குப் பெயர். வாங்கியவர்கள் பெயரும் சுட்டவர்கள் பெயரும் வெளியே வராது. இயக்கக் கூட்டத்தில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் கில்மோர் எழுந்து வந்து பணத்தைக் கொடுப்பார், சபை ஆர்ப்பரிக்கும். கொடுத்தவர் மறைவில் இருக்க, கொடுத்தது மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி செய்த ஏற்பாடு. எந்த நிர்வாகவியல் படிப்பும் இல்லாமல் ஒரு சமையல்காரர் இதைக் கண்டுபிடித்தார்.

இத்தகைய திறமை எங்கே வளர்ந்தது என்பதற்கு ஆய்வு பதில் சொல்கிறது. சிட்னி வெர்பா, கே ஷ்லோஸ்மன், ஹென்றி பிரேடி மூவரும் 15,000 அமெரிக்கர்களிடம் தொலைபேசியில் கேட்டு, அவர்களில் சுமார் 2,500 பேரிடம் நேரில் விரிவாகப் பேசி, 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டம் நடத்துவது, கடிதம் எழுதுவது, நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவது போன்ற குடிமைத் திறமைகளை மக்கள் எங்கே கற்கிறார்கள் என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. அலுவலகத்தில் கற்கலாம், ஆனால் அந்த வாய்ப்பு மேலதிகாரிக்குக் கிடைக்கும், பெருக்குகிறவருக்குக் கிடைக்காது. வழிபாட்டுச் சபையில் மட்டும் வருமானமும் படிப்பும் பெரிதாகக் குறுக்கே வரவில்லை. வாரம் முழுக்கப் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கும் பெண் ஞாயிறன்று பாடகர் குழுத் தலைவி, பொருளாளர், வெள்ளைக் கையுறை மாட்டி வருவோரை அமர்த்தும் பொறுப்பாளர். ஏழைகளுக்கு அரசியல் பாடம் சொல்லித்தர நினைத்தவர்கள் நடத்திய இடம் அல்ல அது. ஆனால் பாடம் நடந்துகொண்டே இருந்தது.

திங்களும் வியாழனும் ஆலயம் மாற்றி ஆலயம் கூட்டம் நடந்தது. பாதி நேரம் பாட்டு. இது பொழுதுபோக்கல்ல என்பதை ஆய்வகங்கள் பின்னாளில் காட்டின. எம்மா கோகனும் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்களும், 2010இல் அச்சில் வந்த ஆய்வுக்காக, பல்கலைக்கழகப் படகோட்டிகளைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். தனியாக ஒரு நாள், குழுவாக ஒரே தாளத்தில் இன்னொரு நாள். உழைப்பு ஒரே அளவு. முடிந்ததும் கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கி, எந்த அளவில் வலி என்கிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து துடுப்பு வலித்த நாளில் அவர்கள் கணிசமாக அதிக வலி தாங்கினார்கள். தாளம் ஒத்த அசைவில் மூளை எண்டார்பின்களைச் சுரக்கிறது என்பது விளக்கம். 2015இல் ராபின் டன்பரின் குழு பாட்டு வகுப்பையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டது. கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனால் பாடியவர்கள் மிக விரைவாக நெருங்கினார்கள். முன்பின் தெரியாத பலரை ஒரே மாலையில் ஒரு குழுவாக்க வேண்டுமானால் பாட்டுக்கு ஈடு குறைவு. எந்தச் சபையும் டன்பருக்காகக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கை வெறும் அலங்காரம், உண்மையில் வேலை செய்தது கட்டடமும் பாட்டும் காணிக்கைத் தட்டும்தானா? என்னால் அப்படி ஒத்துக்கொள்ள முடியவில்லை. மானிடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவான கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளின் வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். மதச்சார்புள்ளவை மற்றவற்றைவிட நீண்ட காலம் நிலைத்தன. அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் சுவையானது. மது கூடாது, இந்த உடை கூடாது, இன்ன உணவு கூடாது என்று கட்டுப்பாடுகள் கூடக் கூட மதக் குடியிருப்புகளின் ஆயுள் நீண்டது. மதமில்லாக் குடியிருப்புகளில் அதே கட்டுப்பாடுகளால் ஆயுள் கூடவில்லை. ‘இது புனிதம்’ என்று ஏற்றுக்கொண்ட சிரமத்தை மனிதர்கள் இலாபநட்டக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கிறார்கள் என்பது சோசிஸ் தரும் விளக்கம். ஓல்சனின் கணக்குப்பிள்ளை அங்கே நுழைய முடிவதில்லை. மான்ட்கோமரியில் இதற்குச் சோதனைக்கூடமே போல ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1956 நவம்பர் 13 அன்று, கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகர நிர்வாகம் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் சேதி வந்தது: பேருந்துப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் உத்தரவு ஊர் வந்து சேர ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் கார்களுக்கும் தடை விழுந்தது. வண்டியும் இல்லை, வெற்றி உறுதி என்றும் தெரியும், பேருந்தில் ஏறினால் கேட்பாரும் இல்லை. ஆனாலும் ஏறவில்லை. டிசம்பர் 20 வரை நடந்தார்கள். 381 நாள்.

இந்தக் கதையில் நம் பக்கத்து நிலமும் உண்டு. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1935இல் ஒரு நட்புக்குழுவோடு இலங்கை வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும், ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார்: உங்கள் முன்னோரை அடிமைகளாகப் பிடித்து விற்றவர்கள் கிறித்தவர்கள், அந்த மதத்துக்காகப் பேச நீங்கள் எப்படி வந்தீர்கள்? தர்மனை அந்தக் கேள்வி விடவேயில்லை. அடுத்த ஆண்டு பர்தோலியில் காந்தியைச் சந்தித்துத் திரும்பியவர், 1949இல் எழுதிய ‘இயேசுவும் ஒடுக்கப்பட்டோரும்’ என்ற பொருள்படும் நூலை அந்தக் கொழும்பு உரையாடலிலிருந்தே தொடங்குகிறார். கிங் தலைமுறைப் போதகர்கள் கரைத்துக் குடித்த நூல் அது. நாக்பூரில் மெதடிஸ்ட் ஊழியராக இருந்த ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின இளைஞர் மான்ட்கோமரிச் செய்தியை அங்கே செய்தித்தாளில்தான் படித்தார். ஊர் திரும்பி, நாஷ்வில் நகர ஆலயம் ஒன்றில் மாணவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் நாற்காலியில் அமர, மற்றவர்கள் அவரைத் திட்டுவார்கள், தள்ளுவார்கள். அவர் திருப்பி அடிக்கக்கூடாது. அந்த மாணவர்கள் 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம் நாஷ்வில் உணவகங்கள் சில கறுப்பினத்தவருக்கும் திறந்தன.

தேவாலயம் என்றாலே போராட்டம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அடிமை முறைக்கு வேத வசனம் காட்டியதும் தேவாலயம்தான். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் 1845இல் பிறந்த தெற்கு பாப்டிஸ்ட் பேரவை அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 ஆயிற்று. பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் 1963இல் எழுதிய புகழ்பெற்ற கடிதம் அவசரப்படாதீர்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு வெள்ளை மதத்தலைவர்களுக்கான பதில். கறுப்பினத்தவர் பக்கமும் ஒரே குரல் இல்லை. மிகப்பெரிய கறுப்பின பாப்டிஸ்ட் பேரவையின் தலைவர் ஜோசப் ஜாக்சன் தெருப் போராட்டத்தை எதிர்த்தார். கிங்கின் ஆதரவாளர்கள் 1961இல் பிரிந்து போனார்கள். சமூகவியலாளர் கேரி மார்க்ஸ் 1960களில் நடத்திய ஆய்வில், மதப்பற்று மிகுந்த கறுப்பினத்தவரிடையே பொதுவாகப் போராட்ட மனம் குறைவாகவே தெரிந்தது. பெண்கள் விஷயமும் உண்டு. கூட்டத்தை நிரப்பியது, காசு திரட்டியது, துண்டறிக்கை உருட்டியது அவர்கள். மேடையும் ஒலிவாங்கியும் ஆண் போதகர்களுக்கு. கிங்கின் தெற்குக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பை ஆரம்ப ஆண்டுகளில் ஓடி ஓடி நடத்திய எலா பேக்கர் என்ற பெண் இந்தப் போதகர் மையத் தலைமையை வெளிப்படையாகவே விமர்சித்தார்.

பேருந்துக்கு அடுத்தது வாக்குச்சீட்டு. தெற்கில் வாக்காளராகப் பதிய எழுத்தறிவுத் தேர்வு. கறுப்பினத்தவரை வடிகட்டவே வைத்த தேர்வு. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் ஒரு கடையின் பின்னறையில் முதல் ‘குடிமைப் பள்ளி’ தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியர். கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் முந்தைய ஆண்டுதான் அரசு அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தது. பாடம் எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். குழந்தைகள் பாடநூலை ஒதுக்கிவிட்டு, மாணவர்களிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவம் நிரப்ப வேண்டும், வேதாகமம் வாசிக்க வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம். 1961இல் கிங்கின் மாநாடு இந்தப் பள்ளிகளை ஏற்று, தெற்கெங்கும் பரப்பியது. ஆலயங்களே பல ஊர்களில் வகுப்பறை. 1965இல், அலபாமாவின் செல்மாவில் மூன்று பேர் கூடினாலே குற்றம் என்று உள்ளூர் நீதிபதி போட்ட தடையை, பிரவுன் சேப்பல் ஆலயத்தில் நூற்றுக்கணக்கில் கூடி உடைத்தார்கள். மார்ச் 7 அன்று, வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது ஊர்ப் பாலத்தில் போலீஸ் தடியடி. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். மிசிசிப்பியில் 1964இல் 7 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967இல் 60 விழுக்காட்டை நெருங்கியது.

ஞாயிற்றுக்கிழமையின் வலிமையை ஆய்வாளர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வேறு சிலர்: அதைக் குறைக்க நினைத்த அரசியல்வாதிகள். பல மாநிலங்களில் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் வசதி வந்ததும், கறுப்பினச் சபைகள் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பேருந்துகளில் ஏறி, சபையாகவே வாக்குச்சாவடிக்குப் போகத் தொடங்கின. ஃபுளோரிடா 2011இல் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு வாக்குப்பதிவை நீக்கியது. இரண்டே ஆண்டில் திரும்பக் கொடுக்க நேர்ந்தது. வட கரோலினா 2013இல் நிறைவேற்றிய சட்டம் இரண்டு ஞாயிறுகளில் ஒன்றை வெட்டியது. வழக்கில் அந்த மாநிலமே, ஞாயிறு வாக்குப்பதிவு நடந்த மாவட்டங்களில் கறுப்பினத்தவர் விகிதம் அதிகம் என்று எழுதிக் கொடுத்தது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கையும் களவுமாகப் பிடித்ததற்கு ஒப்பாகவே எடுத்துக்கொண்டு, 2016 ஜூலையில் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. ஜார்ஜியாவில் 2021இல் ஞாயிறு வாக்குப்பதிவைச் சுருக்கும் வரைவு வந்தது; போதகர்கள் கொதித்தெழுந்ததும் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. மாவட்டங்கள் விரும்பினால் இரண்டு ஞாயிறுகளிலும் வாக்குப்பதிவு நடத்தலாம் என்ற நிலையில் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜார்ஜியாவின் செனட் உறுப்பினர்களில் ஒருவர் ரஃபேல் வார்நாக். கிங் ஊழியம் செய்த அட்லான்டா எபெனேசர் ஆலயத்தின் போதகர்.